அச்சில் ஏறிய கேலி

11 மே 2025, ஞாயிறு

நேற்று சாயங்காலம் கோலாலம்பூர் போகிற வழியில் நீலாய் மண்டபத்தில் ஒரு கல்யாண விருந்து. பெண் யார், மாப்பிள்ளை யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் வீட்டுக்காரர் புவனேஸ்வரன் லாரி ஓட்டுகிற கம்பெனியில் யாருக்கோ சொந்தமாம். அது போதும். பாட்டு தங்கராஜு அண்ணனுடைய நீலமலர் குழு என்றால் நான் எதிரி வீட்டுக் கல்யாணத்துக்கும் போவேன்.

நேராக ஸ்பீக்கர் பக்கத்து மேசை. இந்தத் தடித்த நோட்டில் பதினெட்டு வருஷமாக ஷோ கணக்கு எழுதுகிறேன், ஆகவே நேற்றையதும் எழுதிவிடுகிறேன்.

குழுவில் முன்பு பன்னிரண்டு பேர். இப்போது நாலு பேர். மிச்சம் எட்டுப் பேரும் கீபோர்டுக்குள் இருக்கிறார்கள். அறிவிப்பாளர் பாட்டைவிட நீளமாகப் பேசினார். எக்கோவை ஏற்றி வைத்திருந்ததால் அவர் ஒரு வணக்கம் சொன்னால் மண்டபம் நாலு வணக்கம் சொன்னது. புதுப் பெண் ஒருத்தி, ஷாமினி, நன்றாகப் பாடினாள். மைக்கைத்தான் ஐஸ்கிரீம் மாதிரி வாயில் வைத்துக்கொள்கிறாள்.

வீரமுத்து மச்சான் நாலு பாட்டு. குரல் அப்படியே இருக்கிறது. ஆனால் இடையிசை முடிந்து இரண்டாவது சரணத்துக்கு வரவேண்டிய இடத்தில் வரவில்லை. ஒரு பாட்டில் அல்ல, மூன்றில். வீட்டுக்கு வரும் வழியிலேயே பாட்டு ரசிகர் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் போட்டேன்:

"எங்க அத்தை பெத்த ராசா, என் வீரமுத்து மச்சான், இன்னைக்கு ரெண்டாவது சரணத்துக்கு ரயில்ல வந்தாரு. இவரு நீலாய் ஸ்டேஷன்ல நிக்கிறாரு, பாட்டு சிரம்பான் போயி இறங்கிருச்சு."

குரூப்பே சிரித்தது. மச்சானும் காலையில் எழுதி அனுப்பிவிட்டார்: "வாடி கருவாட்டுக் கூடை. நீ வந்து பாடு. நம்ம ரப்பர் தோட்டத்துல மிச்சம் இருக்கிற ஒம்போது குடும்பமும் ஓடிரும்."

கட்டிக்கொள்ள முறை உள்ளவர். கட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கடனை நாற்பது வருஷமாக ஒருவரை ஒருவர் வாரியே கழிக்கிறோம். நான் ஒரு நாள் அவரைக் கேலி செய்யாமல் விட்டால், 'என்னா லா, சண்டையா?' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள்.

14 மே, புதன்

நுஃமான் தம்பி போன் செய்தான். குரூப் அவன் நடத்துவதுதான். சிரம்பானில் அவன் அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். இவன் கல்லாவில் உட்காராமல் 'மேடைச் சத்தம்' என்று மாதப் பத்திரிகை போடுகிறான்.

"அக்கா, உங்க வாய்ஸை எல்லாம் சேத்து வச்சிருக்கேன். எழுத்தாக்கிப் போடட்டுமா?"

"நான் அஞ்சாம் வகுப்போட நின்னவ, தம்பி."

"பேசுறதுக்கு எதுக்கு வகுப்பு?"

"போட்டோ போடுவியா?"

"போடுவோம்லா."

நான் வேலை செய்கிற காலேஜ் கேண்டீனில் நூற்றைம்பது பிள்ளைகளுக்குக் கோழி பிரட்டிக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் பாட்டுப் பத்திரிகை விடாமல் வாங்குகிறவள். படித்துப் பார்த்தால் இந்த நாட்டில் யாருமே சுருதி விட்டுப் பாடியதில்லை. ஆண் என்றால் இமயம், பெண் என்றால் குயில். நடுப்பக்கத்தில் பத்துப் பொன்னாடைப் படம். பொன்னாடை ஒன்றேதான், கழுத்துதான் மாறுகிறது. ஒருத்தராவது உள்ளதைச் சொல்லட்டுமே. அந்த ஒருத்தி நானாக இருந்தால் என்ன?

24 மே, சனி

நுஃமான் வந்து என் கேசட்டை வாங்கிப் போனான். கொடுக்கும்போது கை கொஞ்சம் இழுத்தது.

1992-ல் நம் தோட்டத்து மண்டபத்தில் நீலமலர் பதிவு செய்த எட்டுப் பாட்டு. எல்லாம் அவர்களே கட்டிய சொந்தப் பாட்டு. மூல நாடா யாரிடமும் இல்லை. என்னிடம் இருப்பதுதான் கெடாமல் இருக்கிறதாம். கெடாது. நான் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. அதைக் கறுப்பு இசைத்தட்டாக மறுபடி போடப்போகிறார்கள்.

"தட்டு சரி. யாரு வீட்டுல லா மெஷின் இருக்கு?"

"சேகரிக்கிறவங்க இருக்காங்க அக்கா. ஜப்பான்லேர்ந்து கேக்குறாங்க."

"ஜப்பான்காரன் கேக்கட்டும். எங்க ஆளுங்க சுவத்துல மாட்டட்டும்."

மறுபதிப்பு என்றாலே எனக்குப் பயம். சுத்தம் செய்கிறேன் என்று உயிரையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். பழைய ஒலி கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும். இவர்கள் அதில் குளோரின் போட்டுக் கொடுப்பார்கள். மூன்றாவது பாட்டில் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் இருக்கிறது, அதை மட்டும் எடுக்காதே என்று சத்தியம் வாங்கினேன். தலையாட்டினான்.

4 ஜூன், புதன்

பத்திரிகை வந்துவிட்டது!! மந்தின் பேப்பர் கடையில் ஐந்து வாங்கினேன். என் படம் கட்டை விரல் அளவு. இரண்டு தாடை தெரிகிறது. மூன்று இருக்கிறதே, ஒன்றை மறைத்த புண்ணியவான் யார்?

தலைப்பு அவர்களே வைத்தது: 'தாளத்தில் தடுமாறும் வீரமுத்து'. உள்ளே ரயில், நீலாய், சிரம்பான் எல்லாம் இருக்கிறது. 'எங்க அத்தை பெத்த ராசா' இல்லை. 'என் மச்சான்' இல்லை. 'பாடகர் வீரமுத்து' என்று இருக்கிறது. படிக்கும்போது உள்ளே எங்கோ ஒரு கிள்ளு.

ஆனால் இந்த நோட்டில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கேண்டீனில் எல்லோருக்கும் காட்டினேன். மச்சானுக்கும் அவர் மனைவி விமலா அக்காவுக்கும் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன்.

6 ஜூன், வெள்ளி

மச்சானிடமிருந்து பதில் இல்லை. யோசிக்கிறார் போல. பெரிதாக வரும்.

8 ஜூன், ஞாயிறு

காய்கறிப் பாசாரில் தங்கராஜு அண்ணனைப் பார்த்தேன். கங்கோங் கீரைக் கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே பேசினார். என்னைப் பார்க்கவில்லை.

"வீரமுத்துவைக் கொஞ்ச நாள் ஓய்வா இருக்கச் சொல்லிட்டேன்மா."

"ஏண்ணே?"

"ரெண்டு கோயில் கமிட்டி போன் பண்ணிட்டாங்க. வேற பாடகர் வேணுமாம். பேப்பர்லயே வந்துருச்சுன்னு சொல்றாங்க."

"நான் கேலிக்குச் சொன்னதுண்ணே. அவரு எனக்கு மச்சான்."

"எனக்குத் தெரியும். ஜொகூர்ல இருக்கிற கமிட்டிக்காரனுக்கு எப்படிம்மா தெரியும்?"

மீன் வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்காரர் 'மீன் எங்க?' என்று கையால் கேட்டார். முட்டையை எடுத்துப் பொரித்தேன்.

10 ஜூன், செவ்வாய்

லீவு போட்டுவிட்டுச் சுங்கை காடுட்டில் மச்சான் வீட்டுக்குப் போனேன். மோட்டாரை நிறுத்தும்போதே வழக்கம்போல "எங்கே அந்த அத்தை பெத்த ராசா?" என்று கத்தவிருந்தேன். வாய் வரவில்லை.

மச்சான் எழுந்து நின்றார்.

"வாங்க. உக்காருங்க."

வாங்க. என்னை!

"புவனேஸ்வரன் நல்லா இருக்காரா?"

"இருக்காரு மச்சான்."

"வேலையெல்லாம் எப்படி?"

"பரவால்ல."

விமலா அக்கா தேநீர் கொண்டு வந்தார். கண்ணாடி அலமாரியில் இருக்கிற பூப்போட்ட கோப்பை, அடியில் தட்டு. அந்த வீட்டில் எனக்கு எப்போதும் நசுங்கின எவர்சில்வர் டம்ளர்தான். அந்தக் கோப்பையில் இன்ஷூரன்ஸ்காரருக்குக் கொடுத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

"மச்சான், அது நான் வந்து... நம்மளுக்குள்ள பேசுறதுதானே..."

"ஆமாங்க. அதுல ஒண்ணும் இல்ல."

சிரித்தார். போலீஸ்காரனிடம் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

கேட்டுக்கு வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "நம்ம வீட்டுக்குள்ள நீ அவரைச் செருப்பால அடிச்சாலும் நான் சிரிப்பேன், ரதி. நீ ரோட்டுல வச்சு அடிச்சிட்ட."

திட்டியிருந்தால் தேவலாம். தேநீரைப் பாதி வைத்துவிட்டு வந்தேன்.

12 ஜூன், வியாழன்

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிறவர். இரண்டை இன்று செலவு செய்தார்.

"நீ சொன்னது பொய்யா?"

"இல்ல."

"அப்புறம் என்னன்னு மன்னிப்பு கேப்ப?"

அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் லேட்டாகத்தான் வந்தார். மூன்று பாட்டில். நான் காதால் கேட்டது. இல்லை என்று சொன்னால் பதினெட்டு வருஷ நோட்டையும் அடுப்பில் போடவேண்டியதுதான். ஆமாம் என்றால் மச்சான் மேடை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

15 ஜூன், ஞாயிறு

நுஃமானிடம் சத்தம் போட்டேன். அவன் சத்தம் போடவில்லை, அது இன்னும் எரிச்சல்.

"முறைப் பேச்சை ஏன்டா வெட்டின?"

"குடும்ப விஷயம் வாசகருக்கு எதுக்குன்னு எடுத்தேன்க்கா. பாட்டைப் பத்தி நீங்க சொன்னதை நான் ஒரு எழுத்து மாத்தல."

மாற்றவில்லைதான். சாம்பாரில் உப்பு, புளி எதையும் மாற்றாமல் பருப்பை மட்டும் எடுத்துவிட்டு நீட்டுகிறான்.

"விளக்கம் போடுறேன்க்கா. என்ன எழுதணும் சொல்லுங்க."

என்ன எழுதவேண்டும் என்று தெரிந்தால் உனக்கு ஏன்டா போன் போடுகிறேன்.

18 ஜூன், புதன்

கேண்டீனில் ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

நுஃமான் துடைத்த பாட்டுகளைப் போனுக்கு அனுப்பியிருந்தான். தட்டு அடிக்கும் முன்னால் நான் கேட்டுச் சொல்லவேண்டுமாம். முதல் வேலையாக மூன்றாவது பாட்டைப் போட்டேன்.

மழை இல்லை. எடுத்துவிட்டான் படுபாவி! சத்தியம் செய்துவிட்டு எடுத்துவிட்டான். திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே கேட்டேன். இரண்டாவது சரணம் வந்தது.

மறுபடி போட்டேன். மறுபடி.

இருபத்தைந்து வயது வீரமுத்து மச்சான் தபேலாவுக்கு மயிரிழை முன்னால் நுழைகிறார். பின்னால் அல்ல, முன்னால்! தபேலாக்காரர்தான் இவரைப் பிடிக்க ஓடுகிறார். இத்தனை வருஷம் அந்த மழையில் எனக்கு இது கேட்டதில்லை. மற்ற ஏழு பாட்டும் போட்டுப் பார்த்தேன். எட்டிலும் அப்படித்தான். தாளம் இவருக்குள் இருக்கிறது, வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறவர் அல்ல.

அப்படிப்பட்டவர் எப்படி லேட்டாவார்? வயதானால் மூச்சு குறையும், மேல் ஸ்தாயி போகும். நுழைகிற இடம் போகாது. நான் எத்தனை கிழட்டுப் பாடகர்களைக் கேட்டிருக்கிறேன்.

நீலாய் மண்டபத்தை யோசித்தேன். பாடும்போது அவர் ஜனங்களைப் பார்க்கவே இல்லை. டிரம்ஸ்காரரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை ஸ்டைல் என்று நினைத்தேன். தீபாவளிக்கு நான் இடது பக்கமிருந்து கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. 'திமிரு' என்று அதற்கும் ஒரு கேலி செய்தேன். ஃபாக்டரியில் தகடு அமுக்குகிற மெஷின் இரைச்சலில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர்.

ஐயோ.

24 ஜூன், செவ்வாய்

விமலா அக்காவைச் சிரம்பானில் வேலை முடிகிற நேரத்துக்குப் போய்ப் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே பேசினோம்.

"அக்கா, மச்சானுக்குக் காது..."

அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இடது சுத்தமா போச்சு. மூணு வருஷமாவுது. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு."

"ஸ்பீக்கரை வலது பக்கம் வச்சா?"

"வச்சுப் பாத்தாச்சு. வலதும் குறையுது. பக்கத்துல வந்து பேசுனா கேக்குது. மேடையில எல்லாம் ஒண்ணா கொழம்புதாம்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "டிரம்ஸ் காலைப் பாத்துப் பாத்துப் பாடி எப்படியோ ஓட்டிக்கிட்டு இருந்தாரு. ஒருத்தரும் கண்டுபிடிக்கல. நீதான் கண்டுபிடிச்ச. உனக்கு அவ்வளவு நல்ல காது."

அதை அவர் குத்தலாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா? வீட்டுக்கு வந்த பிறகும் தெரியவில்லை.

இப்போது எனக்குக் காரணம் தெரியும், அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அவர் மறைத்ததையும் நானே அச்சில் ஏற்றினேன் என்றாகும்.

26 ஜூன், வியாழன்

நானே எழுதினேன். வாய்ஸ் இல்லை, பேனா. நாலு தாள் கிழித்தேன். 'சுருதி'க்கு எந்த 'ரு' என்று இவரிடம் கேட்டேன். இவருக்கும் தெரியவில்லை.

வந்தது இவ்வளவுதான்:

'போன மாதம் நான் சொன்ன வீரமுத்து என் அத்தை மகன். நான் அவரை எதுவும் சொல்வேன், அவர் என்னைக் கருவாட்டுக் கூடை என்பார். அன்றைக்கு அவர் பிந்தித்தான் நுழைந்தார். அது உண்மை. ஆனால் அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு உரிமை உண்டு, கமிட்டிக்காரர்களே, உங்களுக்கு இல்லை. நீங்கள் அவருக்கு என்ன முறை? 1992-ல் அவர் பாடியதைக் கேளுங்கள். தபேலாவுக்கு முன்னால் போகிறார். இந்த மாநிலத்தில் அப்படி இன்னொருவரை நான் கேட்டதில்லை.'

நுஃமானிடம் சொன்னேன்: "ஒரு எழுத்து எடுத்தாலும் உன் அத்தா கடைக்கு வந்து மேசை மேல ஏறி நிப்பேன்."

3 ஜூலை, வியாழன்

போட்டிருக்கிறான். முழுதாக. ஆனால் கடைசிப் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு எழுத்தில். ரயில் கேலிக்கு அரைப் பக்கம், இதற்கு அரை விரல்.

படம் பிடித்து மச்சானுக்கு அனுப்பினேன். நீலக் கோடு இரண்டும் விழுந்தது. படித்துவிட்டார். பதில் இல்லை.

13 ஜூலை, ஞாயிறு

கோயிலில் ஆடித் திருவிழாவுக்கான கமிட்டிக் கூட்டம். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை உபயம் எங்கள் தோட்டத்து லயத்துக் குடும்பங்களுடையது. உபயக்காரர்கள் கைகாட்டுகிறவர்தான் மேடையில் முதல் பாட்டுப் பாடவேண்டும். எங்கள் பாட்டன் காலத்து வழக்கம், குழுக்காரர் மறுக்க முடியாது. நான் எழுந்து வீரமுத்து என்றேன்.

ஒருவர் இருமினார். தலைவர், "அவருதான் இப்ப பாடுறதில்லையேம்மா" என்றார்.

"ஓய்வுல இருக்காரு. செத்துப் போகல லா."

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "எங்க வீட்டு முடிவு அதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இந்த வருஷத்து மூன்றாவது வாக்கியம்.

எழுதிக்கொண்டார்கள். தங்கராஜு அண்ணன் போனில், "வந்தா சந்தோஷம்தான்மா" என்றார். மச்சானிடம் யார் கேட்பது? விமலா அக்காவிடம் சொன்னேன். "சொல்லிப் பாக்குறேன்" என்றார். அவ்வளவுதான்.

20 ஜூலை, ஞாயிறு

தட்டு வந்துவிட்டது. மழையை மறுபடி சேர்த்திருக்கிறான். நான்தான் இந்த முறை வேண்டாம் என்றேன், அதற்குள் அடித்துவிட்டார்களாம். மறுபதிப்புகளைப் பற்றி நான் இனிமேல் வாய் திறப்பதாக இல்லை.

1 ஆகஸ்ட், வெள்ளி

நாளைக்கு. வருவாரா என்று அக்காவுக்கே தெரியவில்லையாம். மச்சான் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்து வைத்தாராம், பிறகு அவரே மடித்து அலமாரியில் வைத்துவிட்டாராம்.

அவர் வந்து, பாடி, எல்லோர் முன்னாலும் பிந்திவிட்டால்? கொண்டுபோய் நிறுத்தியவள் நான். இதை நான் யோசிக்கவே இல்லையே. மேடையில் அவர் பெயர் வரவேண்டும் என்பதை மட்டும்தான் யோசித்தேன். அவருக்காகவா? என் மனசு ஆறுவதற்காகவா?

3 ஆகஸ்ட், ஞாயிறு

வந்தார். வெள்ளைச் சட்டை.

பூசை முடிந்து விளக்குப் போடுகிற நேரம். பழைய தோட்டத்துக்காரர்கள் நீலாய், மந்தின், கோலாலம்பூர் எல்லா இடத்திலிருந்தும் வந்திருந்தார்கள். அறிவிப்பாளர் உபயக்காரர்கள் பெயரைப் படித்துவிட்டு "பாடகர் வீரமுத்து" என்றதும் கைதட்டல் நன்றாகவே இருந்தது. தங்கராஜு அண்ணன் கீபோர்டில் கை வைத்துக் காத்திருந்தார்.

மச்சான் மைக்கைப் பிடித்தார். பாடவில்லை.

"எனக்கு காது கேக்கலங்க," என்றார். "மூணு வருஷமா. பேப்பர்ல வந்தது சரிதான், நான் லேட்டாத்தான் வர்றேன். அது தெரியாம இல்ல, கேக்காமத்தான். கேக்காதவன் பாடக்கூடாது. ஷாமினி நல்லா பாடுது, அது பாடட்டும்."

அறிவிப்பாளருக்கே பேச்சு வரவில்லை. அப்படி ஒன்றை நான் பதினெட்டு வருஷத்தில் பார்த்ததில்லை. தங்கராஜு அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மச்சான் பார்த்துப் பார்த்துப் படி இறங்கினார். முன் வரிசையில் தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அங்கே உட்காரவில்லை. ஸ்பீக்கர் ஓரம் நானும் இவரும் இருந்த இடத்துக்கு வந்தார். என் வலது பக்கம் நாற்காலி காலியாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் என் இடது பக்கம், எனக்கும் இவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். அவருடைய வலது காது என் பக்கம்.

கண்ணைத் துடைத்தால் பார்த்துவிடுவார் என்று அப்படியே இருந்தேன்.

ஷாமினி ஆரம்பித்தாள். முதல் சரணம் போய், இடையிசை வந்தது. அவர் மேடையைப் பார்த்தபடியே தலையை மட்டும் என் பக்கம் சாய்த்தார்.

"சொல்லு."

"என்ன மச்சான்?"

"எங்க நுழைஞ்சா?"

நான் குனிந்து அவர் காதுக்குள் சொன்னேன். சரியாகத்தான் நுழைந்தாள், ஆனால் பயந்து நுழைந்தாள், தாளத்தின் மேல் காலை வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்து. இன்னும் மைக்கைச் சாப்பிடுகிறாள். கிட்டாரின் ஒரு கம்பி இறங்கியிருக்கிறது. எக்கோ வழக்கம்போல.

"கம்பி எத்தனாவது?"

"ரெண்டாவதுன்னு நினைக்கிறேன்."

"அவன் எப்பவுமே அதை டியூன் பண்ண மாட்டான்," என்றார்.

பதினோரு பாட்டு. பதினொன்றும் சொன்னேன். நடுவில் ஒரு தடவை சிரித்தார், எதற்கென்று நினைவில்லை. தொண்டை கட்டிவிட்டது, நாளைக்குக் கேண்டீனில் சைகைதான். குரூப்பில் நேற்றைய ஷோ எப்படி என்று காலையிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள். நுஃமான் மூன்று தடவை கேட்டுவிட்டான்.

சொல்லவேண்டியவரிடம் சொல்லிவிட்டேன்.